நோயாளியின் இரத்தம் பட்டுவிட்டால்: மலையகச் சுகாதார ஊழியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தக் கேள்விகள், இலங்கையின் மலையகத்தில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் வேலை செய்யும் தாதியரும், குடும்ப சுகாதார உத்தியோகத்தர்களும், தோட்ட வைத்திய உதவியாளர்களும், வாட்டுச் சிற்றூழியர்களும் தொற்றுக் கட்டுப்பாட்டு வகுப்புகளில் என்னிடம் கேட்டவை. வகுப்பு நடக்கும்போது எழுந்து கேட்டவர்கள் குறைவு. முடிந்த பின்னர் கதவோரம் நின்று மெல்லிய குரலில் கேட்டவர்களே அதிகம். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தந்திருக்கிறேன். இப்போதுதான் ஊசி குத்தி, பதற்றத்தோடு இதை வாசிக்கிறீர்கள் என்றால், இரண்டாவது, மூன்றாவது கேள்விகளின் பதில்களை மட்டும் வாசித்துவிட்டு உடனே கடமையில் இருக்கும் வைத்தியரிடம் செல்லுங்கள். மிகுதியைப் பிறகு வாசிக்கலாம்.

மிஸ், நோயாளியோட ரத்தம் கையில பட்டாலே நோய் வந்துருமா?

வராது. வெடிப்போ காயமோ இல்லாத தோலின் வழியாக, இரத்தத்தில் உள்ள எச்.ஐ.வி., ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி ஆகிய வைரசுகள் உள்ளே நுழைவதில்லை. கொழுந்து பறிக்கும் பெண் ஒருவரின் காலில் அட்டை கடித்த இடம் நெடுநேரம் இரத்தம் கசிந்துகொண்டே இருப்பதும், அதை அவசரத்தில் வெறுங்கையால் துடைத்துவிட்டு இரவு முழுவதும் தூங்காமல் கிடப்பதும் இங்கே அடிக்கடி நடக்கிறது. உங்கள் கைத்தோல் நன்றாக இருந்தால், சவர்க்காரமும் தண்ணீரும் போட்டுக் கழுவுவதே போதும்.

கவனிக்க வேண்டிய வழிகள் மூன்று: ஊசி, பிளேடு போன்ற கூரான பொருள் தோலைத் துளைப்பது, கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் உட்பகுதியில் இரத்தம் தெறிப்பது, வெட்டு, சிரங்கு, வெடிப்பு உள்ள தோலில் இரத்தம் படுவது. மார்கழி, தைக் குளிரில் நுவரெலியாப் பக்கம் வேலை செய்பவர்களின் விரல் இடுக்குகள் வெடித்து, கிருமிநாசினி பட்டதும் எரிவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வெடிப்புகளும் திறந்த தோல்தான். அவற்றுக்கு ஒட்டுத்துணி போட்டு, மேலே கையுறை அணிந்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

இரத்தத்தைப் போலவே பனிக்குடநீர், முள்ளந்தண்டிலிருந்து எடுக்கும் நீர், நெஞ்சறையிலும் வயிற்றறையிலும் சேரும் நீர், விந்து, யோனிச் சுரப்பு ஆகியவற்றையும் கருத வேண்டும். வியர்வை, கண்ணீர், சிறுநீர், உமிழ்நீர், சளி, வாந்தி, மலம் ஆகியவற்றில் இரத்தம் கண்ணுக்குத் தெரியாதவரை, இங்கே பேசப்படும் நோய்கள் அவற்றால் தொற்றும் என்று அஞ்சத் தேவையில்லை.

ஊசி குத்தினவுடனே என்ன செய்யணும்? பிழிஞ்சு ரத்தத்தை வெளிய எடுக்கச் சொல்றாங்களே?

பிழிய வேண்டாம். பிழிவதாலோ உறிஞ்சுவதாலோ வைரசு வெளியே வந்துவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மாறாக, சுற்றியுள்ள திசு நசுங்கிக் காயம் பெரிதாகிறது. கையுறையைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். குளோரின் கரைசல், ஸ்பிரிட் போன்றவற்றைக் காயத்துக்குள் ஊற்றாதீர்கள். கண்ணில் தெறித்திருந்தால், தலையைச் சாய்த்து இமையைத் திறந்து பிடித்துக்கொண்டு, சுத்தமான தண்ணீரையோ சேலைனையோ பல நிமிடங்கள் ஓடவிடுங்கள். கண்வில்லை அணிந்திருந்தால் முதலில் ஒருமுறை கழுவி, வில்லையை எடுத்துவிட்டு மறுபடியும் கழுவுங்கள். வாயில் பட்டிருந்தால் துப்பிவிட்டுப் பலமுறை கொப்பளியுங்கள்.

கழுவி முடிந்ததும் பொறுப்புத் தாதியிடமோ வைத்தியரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைக்காதீர்கள். அந்த வேலையை வேறொருவர் ஏற்றுக்கொள்ளலாம்.

எத்தனை மணித்தியாலத்துக்குள்ள போகணும்? எங்க தோட்டத்துல இருந்து ராத்திரியில பஸ்ஸே கிடையாது.

எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்க 28 நாள் எடுக்கும் மாத்திரைகளை முடிந்தவரை சீக்கிரம், சில மணித்தியாலங்களுக்குள் தொடங்குவது சிறந்தது. 72 மணித்தியாலத்துக்குப் பிறகு தொடங்குவதில் பயன் இருப்பதாகக் கருதப்படுவதில்லை. ஹெபடைட்டிஸ் பி-க்கான எதிர்ப்புப்புரத ஊசி தேவைப்பட்டால், அதை 24 மணித்தியாலத்துக்குள் போடுவது நல்லது. அதிகபட்சம் 7 நாட்கள்.

ஆகவே இரவு பத்து மணிக்கு மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்து டிஸ்பென்சரியில் ஊசி குத்திவிட்டால், அந்த இருட்டிலும் பனிமூட்டத்திலும் ஓட்டோ பிடித்து மலைப்பாதையில் உயிரைப் பணயம் வைத்து இறங்கத்தான் வேண்டும் என்று இல்லை. ஆனால் அந்த இரவிலேயே தொலைபேசியில் அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையின் வைத்தியரோடு பேசுங்கள். குத்தியது என்ன ஊசி, யாருக்குப் பயன்படுத்தியது, எவ்வளவு ஆழம், நீங்கள் தடுப்பூசி போட்டவரா என்பவற்றைக் கேட்டு, உடனே வர வேண்டுமா, காலை முதல் பஸ்ஸில் வந்தால் போதுமா என்று அவர் சொல்வார். நோயாளிக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்திருந்தால் காத்திருக்க வேண்டாம். அம்புலன்ஸ் வரும் வாய்ப்பு இருந்தால் அதிலேயே செல்லுங்கள். மழைக்காலத்தில் மண்சரிந்து பாதை மறிக்கப்படும் தோட்டங்களில், யாரை அழைப்பது, எந்த வழியால் போவது என்பதை எழுதி டிஸ்பென்சரிச் சுவரில் முன்கூட்டியே ஒட்டி வைக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். குத்திய பிறகு தொலைபேசி இலக்கம் தேடுவதில் ஒரு மணித்தியாலம் போய்விடுகிறது.

உண்மையில எவ்வளவு ஆபத்து? ஆறுதலுக்குச் சொல்லாம கணக்காச் சொல்லுங்க.

நோயாளிக்குக் கிருமி இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். எச்.ஐ.வி. உள்ள ஒருவரின் இரத்தம் பட்ட ஊசி 1000 பேரைக் குத்தினால் ஏறத்தாழ 3 பேருக்குத் தொற்றலாம்; கண்ணிலோ வாயிலோ தெறித்தால் 1000 பேரில் ஒருவருக்கும் குறைவு. ஹெபடைட்டிஸ் சி-க்கு 100 பேரில் 2 பேருக்கும் குறைவு. ஹெபடைட்டிஸ் பி மட்டும் வேறு: தடுப்பூசி போடாதவர்களில், நோயாளியின் இரத்தத்தில் உள்ள வைரசின் அளவைப் பொறுத்து, 100 பேரில் 6 முதல் 30 பேர் வரை தொற்றுக்கு ஆளாகலாம். எல்லோரும் பயப்படுவது எச்.ஐ.வி.-க்கு, எளிதில் தொற்றுவதோ ஹெபடைட்டிஸ் பி. அதற்குத்தான் நம் கையில் தடுப்பூசி இருக்கிறது என்பதை நான் ஒவ்வொரு வகுப்பிலும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இலங்கையில் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி இரண்டுமே பொதுமக்களிடையே குறைந்த அளவில் காணப்படுபவை. ஆகவே யாரென்று தெரியாத ஒரு நோயாளியின் ஊசி குத்தினால் உண்மையான ஆபத்து மேலே சொன்னவற்றைவிட மிகக் குறைவு. 1997ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, ஆழமான குத்து, கருவியில் கண்ணுக்குத் தெரியும் இரத்தம், நாளத்திலோ நாடியிலோ இருந்து எடுத்த ஊசி, நோயாளி எயிட்ஸ் நோயின் இறுதிக்கட்டத்தில் இருத்தல் ஆகிய நான்கும் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பைக் கூட்டுவதாகக் காட்டியது. வைத்தியர் உங்களிடம் இத்தனை கேள்வி கேட்பது இதனால்தான்.

கையுறை போட்டிருந்தா ஊசி குத்தினாலும் பிரச்சினை இல்லைதானே?

கையுறை ஊசியைத் தடுக்காது. ஆனால் ஊசி அதைத் துளைத்து வரும்போது வெளிப்புறத்தில் உள்ள இரத்தத்தின் ஒரு பகுதி துடைபட்டுவிடுவதால், உள்ளே செல்லும் அளவு குறைகிறது. தையல் ஊசியைப் போன்ற துளையில்லாத ஊசியை விட, இரத்தம் எடுத்த துளையுள்ள ஊசியே கூடுதல் ஆபத்தானது. கையுறை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டாவது பதிலில் சொன்னவற்றைச் செய்யத்தான் வேண்டும்.

சின்ன வயசுல எல்லா ஊசியும் போட்டாங்கன்னு அம்மா சொல்றாங்க. ஹெபடைட்டிஸ் பி-யும் அதுல இருக்குமா?

இலங்கையில் குழந்தைகளுக்கான தேசிய தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைட்டிஸ் பி 2003ஆம் ஆண்டில்தான் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் பிறந்தவர் என்றால், குழந்தைப் பருவத்தில் அந்தத் திட்டத்தின் மூலம் உங்களுக்கு அது கிடைத்திருக்காது. வேலையில் சேரும்போதோ பயிற்சியின்போதோ போட்டிருந்தால் அட்டையைத் தேடி எடுங்கள். ஒன்று போட்டுவிட்டு மிகுதியை மறந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், குறிப்பாகச் சிற்றூழியர்களிடையே. முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என மூன்று ஊசிகள். இடையில் விட்டிருந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

மூன்றாவது ஊசி போட்டு ஒன்று அல்லது இரண்டு மாதத்தில் எதிர்ப்புப்புரதத்தின் அளவைப் பார்க்க வேண்டும். மில்லிலீற்றருக்கு 10 மில்லி சர்வதேச அலகு அல்லது அதற்கு மேல் இருந்தால் உங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. பின்னாளில் அந்த அளவு குறைந்தாலும், ஒருமுறை உருவான பாதுகாப்பு நீடிக்கும். அப்படிப்பட்டவருக்கு ஊசி குத்தினால் ஹெபடைட்டிஸ் பி-க்காக வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை. அளவு 10ஐ எட்டாதவர்களுக்கு இன்னொரு சுற்றுப் போடப்படும். இந்த முடிவை எழுதிய தாளை ஒளிப்படம் எடுத்துத் தொலைபேசியில் வைத்திருங்கள். குத்திய இரவில் அது மிகவும் உதவும்.

அந்த 28 நாள் மாத்திரை ரொம்பக் கடுமையாமே? ஒருத்தி வாந்தி எடுத்தே படுத்துட்டாளாம்.

பழைய மாத்திரைகளைப் பற்றிய கதைகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. மேலே சொன்ன 1997ஆம் ஆண்டு ஆய்வில் சிடோவுடின் என்ற மருந்தை எடுத்தவர்களுக்குத் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 81 வீதம் குறைந்திருந்தது. ஆனால் அதன் பக்கவிளைவுகள் கடுமையானவை. இப்போது உலக சுகாதார நிறுவனம் முதன்மையாகப் பரிந்துரைப்பவை டெனோஃபோவிர், லாமிவுடின் அல்லது எம்ட்ரிசிட்டாபின், அவற்றோடு டொலுடெக்ராவிர். சிலருக்கு ஓங்காளம், தலைவலி, தூக்கமின்மை, களைப்பு வரலாம். பெரும்பாலும் முதல் வாரங்களில் தணிந்துவிடும். தாங்க முடியாவிட்டால் நீங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள், மாற்று மருந்து உண்டு. 28 நாளும் விடாமல் எடுக்க வேண்டும்.

நம் பகுதியில் பலர் கவனிக்கத் தவறும் ஒன்று இருக்கிறது. இரத்தச்சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையோ, கல்சியம் மாத்திரையோ, நெஞ்செரிச்சலுக்கு அமிலநீக்கியோ எடுப்பவர்களின் உடலில் டொலுடெக்ராவிர் சரியாகச் சேராது. ஆகவே டொலுடெக்ராவிரை அவற்றுக்கு 2 மணித்தியாலம் முன்னரோ 6 மணித்தியாலம் பின்னரோ எடுக்க வேண்டும். சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோமின் எடுப்பவர்களும், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களும் அதைத் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும்.

நான் அஞ்சு மாச கர்ப்பம். பிரசவம் பார்க்கும்போது பனிக்குடநீர் கண்ணுல தெறிச்சுருச்சு. மாத்திரை எடுக்கலாமா?

எடுக்கலாம். கர்ப்பத்தைக் காரணம் காட்டி இந்தச் சிகிச்சையை மறுப்பதில்லை. மேலே சொன்ன மருந்துகளைக் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கிறார்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியும் கர்ப்பத்தில் போடக்கூடியதே. தாய்ப்பால் கொடுப்பவர்கள் வைத்தியரிடம் அதைச் சொல்லி, அவர் சொல்லும்படி நடக்க வேண்டும். கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கப்படும் என்பதால் முந்தைய பதிலின் இடைவெளிக் கணக்கு உங்களுக்கு மிக முக்கியம். கண் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் பிரசவம் பார்க்கும் பழக்கத்தை இந்த ஒரு நிகழ்வோடு விட்டுவிடுங்கள்.

ஹெபடைட்டிஸ் சி-க்கு என்ன மாத்திரை தருவாங்க?

தடுப்பூசியும் இல்லை, முன்தடுப்பு மாத்திரையும் இல்லை. நோயாளிக்கு அது இருந்தால் உங்களுக்கு இடைவெளி விட்டு இரத்தப் பரிசோதனை செய்வார்கள். தொற்றியது தெரியவந்தால், 8 முதல் 12 வாரம் வரை எடுக்கும் மாத்திரைகளால் 95 வீதத்துக்கும் மேற்பட்டோர் முழுமையாகக் குணமடைகிறார்கள்.

நான் கூட்டுற வேலை. குப்பைப் பையைத் தூக்கும்போது ஊசி குத்துச்சு. யார் ஊசின்னே தெரியாது. இதுக்கும் டொக்டரைப் பார்க்கணுமா?

கட்டாயம் பார்க்க வேண்டும். எங்கோ கிடந்த ஊசியால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு; ஆனால் ஹெபடைட்டிஸ் பி வைரசு உலர்ந்த இரத்தத்திலும் குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்போடு இருக்கும். ஊசி எந்த வாட்டின் பையில் இருந்தது, அங்கே எப்படிப்பட்ட நோயாளிகள் இருந்தார்கள் என்பதை வைத்து வைத்தியர் முடிவெடுப்பார். ஏற்பு (டெட்டனஸ்) தடுப்பூசியும் போட வேண்டியிருக்கலாம். குத்திய ஊசியைப் பரிசோதனைக்கு எடுத்துவர வேண்டாம்; ஊசியைப் பரிசோதிப்பதில் பயன் இல்லை, எடுத்துவரும்போது இன்னொருவரைக் குத்தும்.

இந்த விபத்து உங்கள் தவறால் நடந்ததல்ல. பயன்படுத்திய ஊசியை அந்த இடத்திலேயே கூரான கழிவுகளுக்கான பெட்டியில் போடாமல் சாதாரணப் பையில் போட்டவரின் கவனக்குறைவுதான் உங்கள் கையில் குத்தியது. பெட்டி கட்டிலுக்குப் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். முக்கால்வாசி நிறைந்ததும் மூடி மாற்ற வேண்டும். ஊசிக்கு இரண்டு கையாலும் மூடி போடவே கூடாது.

இதைச் சொன்னா ஏசுவாங்க, மிஸ். அதனாலதான் சொல்லல.

என்னிடம் வந்த கேள்விகளில் என்னை அதிகம் வருத்தியது இதுதான். ஏச்சுக்குப் பயந்து நாலைந்து நாள் கழித்து வந்தவர்களுக்கு 72 மணித்தியாலம் கடந்துவிட்டிருக்கும். ஒரு பொறுப்பாளரின் முகம் சுளித்ததை நினைத்து, தடுக்கக்கூடிய ஒன்றைத் தடுக்காமல் விடுவது நியாயமல்ல. பொறுப்பில் இருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது: "எப்படிக் குத்துச்சு?" என்று அதட்டாமல், "கழுவிட்டியா? வா, டொக்டர்கிட்ட போவோம்" என்று கூட்டிச் செல்லுங்கள். காரணத்தைப் பிறகு ஆராயலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. பதிவு இல்லாவிட்டால், பின்னாளில் தொற்று உறுதியானாலும் அது வேலையில் வந்தது என்று காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது. சம்பவம் நடந்த உடனேயே உங்கள் இரத்தத்தை எடுப்பது இதற்காகத்தான்; அன்று உங்களுக்குத் தொற்று இருக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று. திகதி, நேரம், இடம், செய்த வேலை, ஊசியின் வகை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, ஒரு பிரதியை நீங்களும் வைத்திருங்கள்.

நோயாளிக்குத் தெரியாம அவர் ரத்தத்தைச் சோதிச்சுப் பார்க்கலாமா? எப்படியும் சி.பி.சி.-க்கு (இரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனைக்கு) எடுத்த ரத்தம் இருக்கே.

கூடாது. நடந்ததைச் சொல்லி அனுமதி கேளுங்கள். கேட்பவர் நீங்களாக இல்லாமல் வைத்தியராக இருப்பது நல்லது. மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலானவர்கள் சம்மதிப்பார்கள். அவர் மறுத்தால், தெரியாத நோயாளி என்று கருதி உங்களுக்கான சிகிச்சை முடிவு செய்யப்படும். அதற்காக மாத்திரை தாமதிக்கக் கூடாது.

முடிவு என்னவாக இருந்தாலும் அது வாட்டுக்கு வெளியே போகக் கூடாது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்து வீட்டில் இருப்பவர்தான் உங்கள் சிற்றூழியராகவும் இருப்பார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவிலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் ஒரு நாளில் செய்தி பரவிவிடும். அந்த நோயாளியின் வாழ்க்கையே அதனால் உடைந்துபோகலாம். உங்கள் முடிவுக்கும் அதே இரகசியம் உரியது.

அவருக்கு நெகட்டிவ்னு வந்துருச்சு. அப்படின்னா மாத்திரையை நிறுத்தலாமா?

பெரும்பாலும் ஆம், ஆனால் வைத்தியர் சொன்ன பிறகு. தொற்று ஏற்பட்ட முதல் வாரங்களில் பரிசோதனையில் தெரியாத ஒரு காலம் உண்டு. நோயாளிக்கு அண்மையில் தொற்றியிருக்கலாம் என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தால் மட்டுமே அது பொருட்படுத்தப்படும்.

எத்தனை மாசம் கழிச்சு எனக்கு ஒண்ணும் இல்லைன்னு உறுதியாச் சொல்லலாம்? அதுவரைக்கும் வீட்டுல எப்படி இருக்கிறது?

எச்.ஐ.வி.-க்கு முதல் நாள், 6 வாரம், 3 மாதம் என்று பரிசோதிப்பது வழக்கம். ஹெபடைட்டிஸ் பி, சி ஆகியவற்றுக்குத் தேவையானால் 6 மாதம் வரை நீளும். கண்டி, நுவரெலியா, பதுளை ஆகிய இடங்களில் உள்ள அரச பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் இலவசமாகவும் இரகசியமாகவும் கிடைக்கின்றன. நிலையத்தின் பெயரைப் பார்த்துத் தயங்கி வாசலோடு திரும்பியவர்கள் உண்டு. ஊசி குத்திய ஊழியர்கள் அங்கே வருவது அவர்களுக்குப் புதிதல்ல. தயங்காமல் உள்ளே செல்லுங்கள்.

அதுவரை ஆணுறை பயன்படுத்துங்கள், இரத்ததானம் செய்யாதீர்கள், சவர அலகையும் பற்தூரிகையையும் பகிராதீர்கள். ஒரே தட்டில் சாப்பிடலாம், பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சலாம், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தலாம், வேலைக்கும் வரலாம். கணவரிடம் சொல்வதா என்று பலர் தவிக்கிறார்கள். சொல்வதே நல்லது என்பேன், ஏனெனில் மூன்று மாதம் காரணம் சொல்லாமல் ஆணுறையைக் கேட்பது வேறு சந்தேகங்களைக் கிளப்பும். சொல்ல முடியாத வீடு என்றால், சிகிச்சை நிலையத்து ஆலோசகரிடம் அதை முதலில் பேசுங்கள்.

லயத்துக்கு வீட்டு விசிட் போறேன். இன்சுலின் போடுற தாத்தா ஊசியை எல்லாம் தண்ணி பிடிக்கிற பீலிக்கரையில வீசுறார். என்ன சொல்றது?

தடித்த, மூடியுள்ள பிளாஸ்டிக் போத்தல் ஒன்றில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். முக்கால்வாசி நிறைந்ததும் மூடி இறுக்கி டிஸ்பென்சரியிலோ கிளினிக்கிலோ ஒப்படைக்கலாம். மெல்லிய தண்ணீர்ப் போத்தல் வேண்டாம், ஊசி அதைத் துளைக்கும். அடுத்த முறை போகும்போது நீங்களே ஒரு போத்தலைக் கொண்டுபோய்க் கொடுத்தால், சொன்னது நடக்கும்.

பரிசோதனையில எனக்கே ஹெபடைட்டிஸ் பி இருக்குன்னு வந்துருச்சு. வேலை போயிருமா?

சேலைன் ஏற்றுவது, ஊசி போடுவது, காயம் கட்டுவது போன்ற வழக்கமான வேலைகளைத் தொடர்ந்து செய்யலாம். உடலின் ஆழ்ந்த பகுதிகளில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், விரலும் ஊசியும் ஒன்றாக இயங்கும் சத்திரசிகிச்சைகளில் ஈடுபடுபவர்களுக்கு மட்டும், இரத்தத்தில் உள்ள வைரசின் அளவைப் பார்த்து நிபுணர்கள் முடிவெடுப்பார்கள். வீட்டில் உள்ளவர்களைப் பரிசோதித்து, தேவையானவர்களுக்குத் தடுப்பூசி போட வேண்டும். நீங்கள் கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறக்கும் குழந்தைக்கு 24 மணித்தியாலத்துக்குள் தடுப்பூசியும் எதிர்ப்புப்புரத ஊசியும் தேவை.

ஒரு எச்சரிக்கை மட்டும். 28 நாள் மாத்திரைகளில் உள்ள டெனோஃபோவிரும் லாமிவுடினும் ஹெபடைட்டிஸ் பி வைரசையும் அடக்குபவை. ஹெபடைட்டிஸ் பி உள்ள ஒருவர் எச்.ஐ.வி.-க்காக அவற்றை எடுத்து 28ஆம் நாள் சட்டென நிறுத்தினால், அடங்கியிருந்த வைரசு மறுபடி கிளர்ந்து ஈரல் வீக்கம் வரலாம். ஆகவே மாத்திரை தொடங்கும் அன்றே உங்கள் நிலையை வைத்தியரிடம் சொல்லுங்கள். எப்போது நிறுத்துவது, அதன் பிறகு எத்தனை தடவை ஈரல் பரிசோதனை செய்வது என்பதை அவர் அன்றே திட்டமிடுவார்.